புகையோடு போவது நம் கூலி

சிரட்டை சுடும் வேலைக்குப் போகிறவர்களை வாசலிலேயே அடையாளம் கண்டுவிடலாம். கண் சிவந்திருக்கும். குளித்தாலும் தலைமுடியில் புகைமணம் போகாது. இருமல் மாரியிலும் கோடையிலும் ஒரே மாதிரி இருக்கும். மலையகத்தில் அட்டைக்கடியும் முதுகுவலியும் தொழிலோடு கூடப் பிறந்தவை என்று எப்படி ஏற்கப்பட்டதோ, அப்படித்தான் மட்டக்களப்பு வாவிக்கரைத் தென்னந்தோட்டங்களில் இந்தப் புகையும் ஏற்கப்பட்டிருக்கிறது. 'சிரட்டை சுட்டால் புகை வரத்தானே செய்யும்' என்று முதலாளியும் சொல்கிறார், கங்காணியும் சொல்கிறார், சில நேரம் நம் அங்கத்தவர்களும் சொல்கிறார்கள். வரட்டும். அந்தப் புகை எங்கே போகவேண்டும், யாருடைய நெஞ்சுக்குள் போகக்கூடாது என்பதைத்தான் நாம் பேச விரும்புகிறோம்.

முதலில் அந்தப் புகை என்னவென்று பார்ப்போம். காய்ந்த சிரட்டையைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் அது எரியாது, சிதையும். முதலில் அதிலுள்ள ஈரம் நீராவியாகப் போகும். சூடு 270, 280 பாகை செல்சியஸைத் தாண்டும்போது சிரட்டை தன்பாட்டிலேயே சூட்டை வெளிவிட்டுக்கொண்டு உடையத் தொடங்கும். அப்போதுதான் அந்தத் தடித்த மஞ்சள் புகை கிளம்பும். அதற்குள் புளிப்பான அசற்றிக் அமிலம் இருக்கிறது, மெதனோல் இருக்கிறது, தார் எண்ணெய் இருக்கிறது, ஐதரசன், மெதேன், காபனோரொட்சைட்டு ஆகிய எரியக்கூடிய வாயுக்களும் இருக்கின்றன. கடைசியில் குழிக்குள் எஞ்சுவதுதான் கரி. நன்றாகச் சுட்டாலும் 100 கிலோ சிரட்டையில் ஏறத்தாழ 30 கிலோதான் கரியாகும். மீதி 70 கிலோவும் ஆவியாகவும் வாயுவாகவும் ஆகாயத்துக்குப் போகிறது. போகிற வழியில் அதன் ஒரு பங்கைக் குழியடியில் நிற்கிறவர் குடிக்கிறார்.

நம் பகுதியில் வழக்கமாக நடப்பது குழி முறை, அல்லது தகரப் பீப்பா முறை. குழியில் கொஞ்சம் சிரட்டையைப் போட்டுப் பற்றவைத்து, தீ பிடித்ததும் மேலே மேலே சிரட்டையைக் கொட்டிக்கொண்டே போவார்கள். நிரம்பியதும் தகரமும் மண்ணும் போட்டு மூடி, ஆறவிட்டுத் திறப்பார்கள். இந்த முறையில் சிரட்டையைச் சூடாக்குவதற்கு அதே சிரட்டையில் ஒரு பங்கையே எரிக்கவேண்டியிருக்கிறது. மூடுவதற்குக் கொஞ்சம் பிந்தினால், அல்லது மண் பூச்சில் ஒரு வெடிப்பு இருந்தால், கரி சாம்பலாகிவிடும். நிறையைப் பார்த்துக் கூலி கொடுக்கிற இடத்தில் அந்தச் சாம்பல் தொழிலாளியின் கணக்கில்தான் விழுகிறது. கிலோ குறைந்தால் கூலி குறையும். குழி மோசமாக வெட்டப்பட்டதற்கோ, ஈரச் சிரட்டை வந்ததற்கோ, மூடு தகரம் ஓட்டையாக இருந்ததற்கோ யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இதற்கு மாற்று இருக்கிறது. அது புதிதும் இல்லை. சிரட்டையை ஓர் இரும்புப் பாத்திரத்துக்குள் அடைத்து மூடி, நெருப்பை வெளியே வைத்துச் சூடாக்க வேண்டும். உள்ளே காற்றுப் போகாது. உள்ளிருந்து வரும் ஆவி ஒரே ஒரு குழாய் வழியாகத்தான் வெளியேற முடியும். ஆங்கிலத்தில் இதை 'றிட்டோர்ட்' என்கிறார்கள். நாம் மூடுலை என்று சொல்வோம். அந்தக் குழாயைக் குளிர்ந்த நீருக்குள்ளால் கொண்டுபோனால் அமிலமும் தாரும் திரவமாகி வடியும். குளிராமல் எஞ்சும் வாயுவைத் திருப்பி உலைக்கு அடியில் விட்டால் அதுவே விறகாகிவிடும். தொடக்கத்தில் கொஞ்சம் விறகு போட்டால் போதும், பிறகு சிரட்டை தன் ஆவியிலேயே தன்னைச் சுட்டுக்கொள்ளும். புகை மனிதர் மேல் வராது. சிரட்டை எரிந்து சாம்பலாவதும் பெருமளவு குறையும்.

நம் சித்த வைத்தியர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. குழித்தைலம் இறக்குவது என்று ஒரு முறை உண்டு. அடியில் துளையிட்ட பானைக்குள் சிரட்டைத் துண்டுகளைப் போட்டு, வாயை மூடிச் சீலைமண் செய்து, கீழே குழிக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, மேல்பானையைச் சுற்றி வறட்டி அடுக்கி எரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கருத்த எண்ணெய் துளித்துளியாகக் கீழே இறங்கும். அதுதான் சிரட்டைத் தைலம். படைக்கும் தேமலுக்கும் பூசுவார்கள். ஒரு பானையும் ஒரு குழியும் வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது மூடுலை வேலைதான். அந்தத் தைலத்தைச் சில துளிகளாகப் பத்திரமாக எடுத்து மருந்துக்கு வைத்த ஊரில், அதே பொருளை நாள்முழுதும் புகையாகச் சுவாசிப்பதை நாம் பெரிதுபடுத்துவதில்லை. இது விந்தைதான்.

பெரிய அளவிலும் இந்த நாட்டில் இது நடந்திருக்கிறது. றப்பர் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களுக்கு அசற்றிக் அமிலத்தின் மணம் தெரிந்திருக்கும். பாலை உறையவைக்க அதுவும் போமிக் அமிலமும்தான் பயன்பட்டன. இரண்டாம் உலகப்போரில் 1942இல் மலாயா யப்பானியர் கையில் விழுந்ததும், நேச நாடுகளுக்கு றப்பர் கொடுக்கும் முக்கிய இடமாக இலங்கை ஆனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுக்கச் சொன்ன காலம் அது. கப்பலில் அமிலம் வருவது நிச்சயமில்லை. அந்தப் போர்க்காலத்தில் அரசாங்கத்தின் கைத்தொழில் திணைக்களம் நடத்திய தொழிற்சாலைகளில் ஒன்று மாதம்பையில் இருந்த அசற்றிக் அமிலத் தொழிற்சாலை. அதற்கு மூலப்பொருள் சிரட்டை. தென்னந்தோட்டத்தின் சிரட்டையிலிருந்து வந்த ஆவி, களுத்துறையிலும் கேகாலையிலும் றப்பர்ப் பாலை உறையவைக்க உதவியது. ஒரு தோட்டத்துத் தொழிலாளியின் கழிவு இன்னொரு தோட்டத்துத் தொழிலாளியின் வேலைப்பொருளானது. போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வரத் தொடங்கிய பிறகு அந்தப் போர்க்காலத் தொழிற்சாலைகள் பல நிலைக்கவில்லை. ஆனால் இங்கே செய்யமுடியாது என்று யாராவது சொன்னால், செய்திருக்கிறோம் என்று நாம் பதில் சொல்லலாம்.

மட்டக்களப்பாருக்கு இன்னும் கிட்டிய உதாரணம் வாழைச்சேனைக் காகித ஆலை. 1956இல் அது ஓடத் தொடங்கியபோது, அறுவடை முடிந்து வயலில் எரிந்துபோகிற வைக்கோல் காகிதமானது. ஒரு கழிவைச் சுற்றி ஊரே வேலை பெற்றது. பிறகு போரும் அலட்சியமும் அதற்கு என்ன செய்தன என்பது இங்குள்ளவர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சிரட்டைக்கரியின் பெருமையையும் சொல்லிவிடுவோம். முதலாம் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குள் வைத்த கரியில் சிறந்தது சிரட்டைக்கரி என்று கண்டார்கள். சிரட்டை போதாமல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளைக்கூட வீடுவீடாகச் சேர்த்தார்கள். இன்றைக்கு அதே கரியை நீராவியால் பதப்படுத்தி 'அக்டிவேட்டட் காபன்' ஆக்கி, குடிநீர் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுப்பதற்கும் உலகம் முழுவதும் அனுப்புகிறார்கள். 1973இல் தொடங்கிய ஹேகாப் நிறுவனம் இந்தத் தொழிலில் உலக அளவில் பெயர்பெற்றது. அது ஹேலிஸ் குழுமத்தைச் சேர்ந்தது. தலவாக்கலை, களனிவெலி பெருந்தோட்டக் கம்பனிகளும் அதே குழுமம்தான். ஆகவே தேயிலைத் தோட்டத்து வாசகர்கள் இதைத் தங்களுக்குத் தொடர்பில்லாத கதை என்று ஒதுக்க வேண்டாம். சுத்தமான தண்ணீரும் சுத்தமான காற்றும் யாரோ ஒருவருக்குக் கிடைப்பதற்காகப் போகிற கரியை, அசுத்தமான காற்றில் நின்று சுடுகிறவர் நம்மவர்.

மேற்குக் கரையில், பாதல்கமவில், ஹேகாப்பின் துணை நிறுவனமான ரெக்கோஜன் சிரட்டை கரியாகும்போது வரும் வாயுவை வீணாக்காமல் எரித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கும் ஆலையை அமைத்தது. மூடிய முறையில் கரி சுடுவது பொருளாதாரத்துக்குக் கட்டுப்படியாகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஏற்றுமதிக்காரருக்குக் கட்டுப்படியாகிற முறை, வாவிக்கரையில் அவர்களுக்கே கரி விற்கிற குழிக்காரருக்கு மட்டும் ஏன் கட்டுப்படியாகாது?

சிறிய தோட்டக்காரர்கள் சொல்லும் காரணத்தை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. இங்கே தென்னை பெரும்பாலும் சிறு துண்டு நிலங்களில் நிற்கிறது. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி மரங்களைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. இடையில் முப்பது வருடப் போர். ஒவ்வொரு முறையும் மறுபடி நட்டு, காய்க்கும்வரை காத்திருந்தவர்கள் இவர்கள். தனியாக ஓர் இரும்பு மூடுலை வாங்க அவர்களிடம் பணமில்லை என்பது உண்மை. அதற்குப் பதில், ஆளுக்கொரு குழியை விட்டுவிட்டு ஊருக்கொரு உலை வைப்பதுதான். களுவாஞ்சிக்குடிப் பக்கமோ, செங்கலடிப் பக்கமோ, படுவான்கரையிலோ கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெயரில் உலையை வைத்து, சிரட்டையை நிறுத்து வாங்கி, கரியை நேரடியாக ஆலைக்கு விற்கலாம். நடுவில் நிற்கும் தரகர் ஒருவராவது குறைவார். உலையை ஓட்டுகிறவர் மாதச் சம்பளக்காரராக இருக்கலாம். பக்கத்திலேயே கொப்பரா உலர்த்தும் கூடம் இருந்தால், உலையின் மிஞ்சிய சூட்டை அங்கே திருப்பிவிடலாம். கொப்பரா போடச் சிரட்டை எரிப்பதும் மிச்சம்.

தேங்காய் விலை 2024இலும் 2025இலும் ஏறியபோது வீடுகளில் சம்பலுக்குத் தேங்காய் பிளப்பதைக்கூட யோசித்துச் செய்தோம். சிரட்டைக்கும் அப்போதுதான் மதிப்பு வந்தது. முன்பு வேலியோரம் கிடந்ததைச் சாக்கில் கட்டி வாங்கிப்போக ஆள் வரத் தொடங்கினார்கள். விலை ஏறிய காலத்தில் குழியடித் தொழிலாளியின் கூலி அதற்கேற்ப ஏறியதா என்று நம் அங்கத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இனி, மூடுலை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் நாம் சொல்லவேண்டியது இருக்கிறது. மூடுலைக்குத் தனி ஆபத்துகள் உண்டு. ஆவிக்குழாயில் தார் படிந்து அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். சூடாக இருக்கும்போது அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே நிற்கும் வாயு காற்றோடு கலந்து பக்கென்று பற்றும். கரி வெளியே பார்க்க ஆறியது போலிருக்கும், உள்ளே கனல் இருக்கும். சாக்கில் கட்டியபிறகு இரவில் தீப்பிடிப்பதும் உண்டு. ஆகவே குழாயை ஒவ்வொரு சுடலுக்குப் பிறகும் துப்புரவு செய்யவேண்டும். முழுமையாக ஆறாமல் திறக்கக்கூடாது. எடுத்த கரியை ஒரு நாள் வெளியில் பரப்பி வைத்துப் பார்த்தபிறகே கட்டவேண்டும். இதையெல்லாம் செய்யும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே பேசி எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் துப்புரவு வேலை 'சும்மா செய்கிற வேலை' ஆகிவிடும்.

அதைவிடப் பெரியது வாவி. குளிரவைத்து வடித்த அமில நீரையும் தாரையும் எங்கே விடுவது? ஒரு கானை வெட்டி வாவிக்குத் திருப்பிவிடுவது மிகச் சுலபம். செய்யத்தான் பார்ப்பார்கள். அந்தத் திரவத்தில் பீனோல் வகைப் பொருட்கள் இருக்கின்றன, அவை மீனுக்கு நஞ்சு. தாரில் புற்றுநோய் தரக்கூடிய பொருட்களும் உண்டு. வாவியில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்கிற குடும்பங்களும், தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பங்களும் பல ஊர்களில் ஒரே குடும்பங்கள்தான். அண்ணன் தோணியில், தம்பி தோட்டத்தில். ஒருவரின் நெஞ்சைக் காப்பாற்றி மற்றவரின் வலையைக் காலியாக்க நாம் ஒப்பமாட்டோம். ஆகவே வாங்குவதற்கு ஆள் நிச்சயமாக இல்லாதவரை ஆவியை வடிக்கவே வேண்டாம், முழுவதையும் உலைக்கு அடியிலேயே எரித்துவிடட்டும் என்பதுதான் நம் நிலைப்பாடு. 'மரவினாகிரி' விற்றுப் பணக்காரராகலாம் என்று சிலர் ஆசைகாட்டுகிறார்கள். வாங்குகிறவரின் கையொப்பத்தைக் காட்டினால் நாமும் மகிழ்வோம்.

உலை வரும்வரை குழி இருக்கும். அதுவரை சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க முடியாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். குழியடியில் தலை சுற்றுவதும் வாந்தி வருவதும் வெயிலால் மட்டும் வருவதல்ல. அப்படி வந்தால் உடனே காற்றுப் பக்கம் கொண்டுபோகவேண்டும், ஆஸ்பத்திரியில் 'கரிக்குழியில் வேலை' என்று சொல்லவேண்டும், சொன்னதை அட்டையில் எழுதச் செய்யவேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் குழிப் பக்கம் நிற்கக்கூடாது. சிரட்டையில் தும்பு உரிக்கிற வேலையைப் பெண்களுக்குக் கொடுத்து, அவர்களைப் புகை வீசும் பக்கத்திலேயே உட்காரவைக்கிற வழக்கத்தை நிறுத்தவேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதையும்தான். வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மாரி காலத்தில் குளிருக்கென்று கனல்கரியைச் சட்டியில் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்க வேண்டாம். குழியில் இருக்கும் அதே நஞ்சு அறைக்குள்ளும் இருக்கும்.

சட்டம் நம் பக்கத்தில் ஒன்றுமில்லை என்று நினைக்கவேண்டாம். கிலோ கணக்கில் கூலி வாங்கினாலும், நாட்கூலியாக இருந்தாலும், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்காக 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். தென்னைச் செய்கைக்கும் தேங்காய் சார்ந்த உற்பத்திக்கும் தனித்தனியே சம்பள நிர்ணய சபைகள் இருக்கின்றன. கரி சுடுகிறவரை எதற்குள்ளும் சேர்க்காமல் 'கொந்தராத்துக்காரர்' என்று எழுதிவிடுவதுதான் இங்கே நடக்கும் தந்திரம். வேலையில் காயம்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அட்டவணையில் குறிப்பிட்ட சில தொழில் நோய்களுக்கும் அது பொருந்தும். புகைக்கும் கழிவுநீருக்கும் 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. உலை வைக்கும்போதே அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அயலவருக்கும் உண்டு.

வடக்கில் புதிய தென்னை முக்கோணம் என்று அரசாங்கம் பேசுகிறது. நல்லது. கன்று கொடுக்கிறார்கள், உரம் கொடுக்கிறார்கள். தேங்காய் காய்த்தபிறகு சிரட்டை எங்கே போகும் என்று யாரும் பேசக் கேட்கவில்லை. கிழக்கிலும் அப்படியே. தென்னை அபிவிருத்தி அதிகாரசபையும் லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையமும் வாவிக்கரையில் ஒரே ஒரு மாதிரி மூடுலையாவது வைத்துக் காட்டவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது குழியில் வேலை செய்தவர்களையே முதலில் எடுக்கவேண்டும். சிரட்டையின் காய்ச்சலை விரலால் தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். மூடுலையில் அதிகமாகக் கிடைக்கும் ஒவ்வொரு கிலோ கரியிலும் தொழிலாளிக்குப் பங்கு என்ன என்பதை, உலை வைப்பதற்கு முன்பே எழுத்தில் தீர்க்கவேண்டும்.

இதற்கு நமக்குக் கணக்கு வேண்டும். கிளைக் கூட்டத்துக்கு வரும்போது கடந்த மூன்று மாதத்து நிறைச் சிட்டைகளை எடுத்துவாருங்கள். சிட்டை கொடுக்காத இடமென்றால், எத்தனை சாக்குச் சிரட்டை போட்டீர்கள், எத்தனை சாக்குக் கரி எடுத்தார்கள், கையில் எவ்வளவு வந்தது என்று பிள்ளையின் கொப்பியிலாவது எழுதிக்கொண்டு வாருங்கள்.